அத்தை எனக்கு என்ன வேணும்?

கையில் கட்டுப் பிரித்த பிறகும் சுண்டு இடது கையைக் கொஞ்சம் ஒதுக்கித்தான் வைத்துக்கொள்கிறாள். சைக்கிளிலிருந்து விழுந்தது பழைய கதையாகிவிட்டது. ஆனால் அன்றைக்கு ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் கேட்ட ஒரு கேள்வி மட்டும் அந்த வீட்டைவிட்டு இன்னும் போகவில்லை.

"நீங்க குழந்தைக்கு என்ன வேணும்?"

அவளை அழைத்துப் போயிருந்த லிஃப்ட் மெக்கானிக்கைப் பார்த்துத்தான் அந்தக் கேள்வி. சுண்டுவின் அம்மாவைக் கல்யாணம் செய்த நாளிலிருந்து மகளுக்குத் தலை பின்னிவிடுவதுகூட அவர்தான். இருந்தாலும், "இவ அம்மாவோட புருஷன்" என்றுதான் சொல்ல முடிந்தது.

கவுன்ட்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னாள். எலும்பை நேராக்க மயக்க மருந்து கொடுக்க வேண்டும். அதற்குப் பெற்றவர் கையெழுத்தோ, சட்டப்படி பாதுகாவலர் கையெழுத்தோ வேண்டும். அம்மா ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். அன்றைக்கென்று வெளியூரில் ஒரு பயிற்சி வகுப்பு, போன் அணைந்திருந்தது. அவள் வந்து சேரும்வரை சுண்டு வீங்கிய கையோடு பெஞ்சில் சாய்ந்து கிடந்தாள்.

மறுநாளே மெக்கானிக் வக்கீலைப் பார்க்கப் போய்விட்டார். சுண்டுவைச் சட்டப்படி தத்தெடுக்க மனு போட்டாயிற்று. சுண்டுவின் சொந்த அப்பா, அவளுக்கு நினைவு தெரிவதற்கு முன்பே நோயில் போனவர். அதனால் அந்தப் பக்கம் யாரிடமும் சம்மதம் கேட்க வேண்டியதில்லை என்றார் வக்கீல்.

"ஆனா பொண்ணுகிட்ட கேட்பாங்க. அவளுக்குப் பன்னிரண்டு முடிஞ்சிருச்சு இல்ல? அவ சம்மதிக்காம உத்தரவு கிடையாது. என்ன சொல்லணும்னு நீங்க யாரும் சொல்லிக் கொடுக்கக் கூடாது."

இன்றுதான் அந்த நாள்.

*

"சட்டையை உள்ள விட்டுக்கோ" என்றாள் அம்மா.

"கோர்ட்ல சட்டையைப் பார்த்தா தீர்ப்புச் சொல்வாங்க?" என்றாள் சுண்டு.

"வாய்." அம்மா அவளுடைய மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தன் துப்பட்டா நுனியால் துடைத்து மாட்டிவிட்டாள். "கேட்டா, இருக்கிறதைச் சொல்லு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொன்னாளே தவிர, கை கண்ணாடியைவிட்டு வரவில்லை. மெக்கானிக் செருப்பைத் தேடுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முந்தின இரவு அவர் தூங்கவே இல்லை.

"லிஃப்ட் மாமா, செருப்பு உங்க கால்ல இருக்கு" என்றாள் சுண்டு.

குடும்ப நீதிமன்றம் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் ஏறும்போது பக்கவாட்டில் கரகரவென்று ஒரு சத்தம். மெக்கானிக் காதைச் சாய்த்துக் கேட்டார். அம்மா அவர் முழங்கையில் இடித்தாள். "இன்னைக்கு வேண்டாம்."

காத்திருக்கும் கூடத்தில் ஒரு மூலையில் பொம்மைகள் கிடந்தன. சக்கரம் போன லாரி, தலை மட்டும் இருந்த ஒரு கரடி. அவற்றை வைத்து விளையாடும் வயதைச் சுண்டு தாண்டியிருந்தாள். ஆனாலும் லாரியைக் குப்புறக் கவிழ்த்து அச்சு எங்கே உடைந்திருக்கிறது என்று பார்த்தாள். அது மெக்கானிக்கிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம்.

குழந்தைகள் நல அதிகாரி வந்து சுண்டுவை மட்டும் அழைத்தார். ஜலதோஷம் பிடித்த, நடுவயது அம்மாள். கையில் கைக்குட்டை.

அம்மா தானும் எழுந்தாள். "நான் கூட வரலாமா?"

"இல்லம்மா. அவ தனியாத்தான் பேசணும். அது அவளோட உரிமை."

கதவு மூடியது. அம்மா நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

*

உள்ளே இரண்டு நாற்காலி, ஒரு சின்ன மேசை, ஜன்னல். அதிகாரி முதலில் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

"ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடுறேன். நீ பேசுறதுல நீதிபதிக்கு மட்டும் போக வேண்டியது எது, உங்க வீட்டுக்குத் தெரியலாம்கிறது எதுன்னு நீ எங்கிட்ட சொல்லலாம். யாராவது உன்னை அடிக்கிறாங்க, மிரட்டுறாங்கன்னு சொன்னா மட்டும் நான் அதை மூடி வைக்க முடியாது. புரியுதா?"

"யாரும் அடிக்கல. லிஃப்ட் மாமா சத்தம்கூடப் போட மாட்டார். அம்மாதான் போடுவாங்க."

"எல்லா அம்மாவும் போடுவாங்க" என்று சிரித்தார் அதிகாரி. "தத்து எடுக்கிறதுன்னா என்னன்னு யாராவது உனக்குச் சொன்னாங்களா?"

"மாமா எனக்குச் சட்டப்படி அப்பா ஆயிடுவார். கையெழுத்துப் போடலாம்."

"சரி. அதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. மாமா அப்பா ஆனா, மாமாவோட அம்மா உனக்குப் பாட்டி. அவரோட தங்கச்சி உனக்கு அத்தை. அந்த வீடு முழுக்க உன் வீடு."

சுண்டு மேசை விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று நிறுத்தினாள்.

"எனக்கு ஏற்கனவே ஒரு அத்தை இருக்காங்க."

"யாரு?"

"எங்க அப்பாவோட அக்கா. கண்ணாடிக் கடையில வேலை பார்க்கிறாங்க. சனிக்கிழமை சனிக்கிழமை நான் அவங்களோடதான் இருப்பேன். இந்தக் கண்ணாடிகூட அவங்க போட்டதுதான்." கண்ணாடியைத் தூக்கிக் காட்டினாள். "தத்து எடுத்தப்புறம் அவங்க எனக்கு என்ன வேணும்?"

அதிகாரி கைக்குட்டையை மடித்து மேசையில் வைத்தார். குழந்தைக்காகப் பொய்யைச் சர்க்கரை தடவிக் கொடுக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

"சட்டப்படி பார்த்தா, ஒண்ணும் ஆக மாட்டாங்க. உன் சொந்த அப்பா வழி உறவு அதோட முடிஞ்சிடும்."

"அப்போ சனிக்கிழமை?"

"உங்க அம்மாவும் புது அப்பாவும் சரின்னா போகலாம். வேண்டாம்னா, அத்தை வந்து கேட்க முடியாது."

ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒரு காரைப் பின்னோக்கி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது சுவரில் இடிக்காமல் போகும்வரை சுண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ எனக்கு வேண்டாம்."

"அத்தை உங்கிட்ட இதைப் பத்திப் பேசினாங்களா?"

"இல்ல. நான் இதைச் சொன்னப்போ 'நல்லது'ன்னு மட்டும் சொன்னாங்க. அப்புறம் ஒண்ணுமே பேசல. எப்பவும் நல்லாப் பேசுவாங்க. கடையில கண் செக் பண்ற எழுத்து அட்டை இருக்குல்ல, கடைசி வரி வரைக்கும் எனக்கு மனப்பாடம். அதை நான் தலைகீழாச் சொன்னா சிரிப்பாங்க. அன்னைக்கு நான் சொன்னேன். அவங்களுக்குக் காதுலயே விழல."

"அவங்க தனியா இருக்காங்களா?"

"ஆமா."

"அவங்களைப் பார்த்துக்கிறது உன் பொறுப்புன்னு நினைக்கிறியா? பெரியவங்களைப் பார்த்துக்கிறது உன் வேலை இல்லம்மா."

"பார்த்துக்கிறதுக்கு இல்ல. எனக்கு அவங்க வேணும்."

அதிகாரி தலையசைத்தார்.

"மாமாவை எனக்குப் பிடிக்கும். அதை முதல்ல எழுதிக்கோங்க" என்றாள் சுண்டு. "அப்புறம் வேண்டாம்னு எழுதுங்க. ஏன் வேண்டாம்கிறதை வெளிய சொல்லாதீங்க."

"ஏன்?"

"அம்மா அத்தைமேல கோவப்படுவாங்க."

*

நீதிபதி கறுப்பு அங்கி போட்டிருக்கவில்லை. தன் அறையில் ஒரு வட்ட மேசையைச் சுற்றி எல்லோரையும் உட்கார வைத்தார். சுண்டு வெளியே, அதிகாரியின் உதவியாளரோடு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

"பொண்ணு இப்போதைக்குச் சம்மதிக்கல" என்றார் நீதிபதி.

மெக்கானிக் மேசையின் நடுவில் இருந்த தண்ணீர் ஜாடியையே பார்த்தார். அதன் மூடி சரியாக உட்காரவில்லை. கை நீட்டி அதை அழுத்தி உட்கார வைத்தார்.

"அவ அப்படிச் சொல்லியிருக்க மாட்டா" என்றாள் அம்மா. "எங்க வீட்ல ஒரு குறையும் இல்ல. வேணும்னா அக்கம்பக்கத்துல விசாரிங்க."

"குறை இருக்குன்னு அவ சொல்லலம்மா. இவரைப் பிடிக்கும்கிறதை முதல்ல எழுதச் சொல்லியிருக்கா."

மெக்கானிக் அப்போதுதான் நிமிர்ந்தார்.

"காரணம் எனக்குத் தெரியும். வெளிய சொல்ல வேண்டாம்னு கேட்டிருக்கா. அதனால நானும் சொல்லப்போறதில்ல. நீங்களும் வீட்ல வச்சு அவளைக் குடையாதீங்க. அவளா சொன்னா கேட்டுக்கோங்க." நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "தத்து ஒண்ணுதான் வழின்னு இல்ல. இவரைப் பாதுகாவலரா நியமிச்சு உத்தரவு போடலாம். ஆஸ்பத்திரி, ஸ்கூல், எங்கயும் கையெழுத்துப் போடலாம். பழைய சொந்தம் எதுவும் அறுபடாது. யோசிச்சு அடுத்த தேதிக்கு வாங்க."

"அப்படின்னா அவ அப்பா வீட்டு ஆளுங்க நாளைக்கு வந்து குழந்தையைக் கேட்கலாமா?" அம்மாவின் குரல் தாழ்ந்திருந்தது.

"கேட்கிறதை யாராலயும் தடுக்க முடியாது. கேட்டா கிடைச்சிடும்னு அர்த்தம் இல்ல. அவ மனசு என்னன்னு அப்பவும் அவகிட்டத்தான் கேட்போம்."

அம்மா கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டாள். சுற்றினதைப் பிரித்தாள். மறுபடி சுற்றினாள்.

வீட்டுக்குப் போகிற பேருந்தில் சுண்டு முன் இருக்கையில் ஜன்னலோரம். பின்னால் இவர்கள் இரண்டு பேரும்.

"யாரோ அவ மனசைக் கலைச்சிருக்காங்க" என்றாள் அம்மா, உதடு அசையாமல். "யாருன்னு எனக்குத் தெரியும். சனிக்கிழமை சனிக்கிழமை கூட்டிட்டுப் போறதுக்கு வேற என்ன?"

"தெரியாம சொல்லாதே."

"உங்களுக்கு வருத்தமே இல்லையா?"

மெக்கானிக் முன் இருக்கையில் ஆடிக்கொண்டிருந்த இரட்டைப் பின்னலைப் பார்த்தார். காலையில் அவர் போட்டது. ஒன்று கொஞ்சம் கோணல்.

"இருக்கு" என்றார். "அதை அவளுக்குத் தெரியற மாதிரி வச்சுக்கக் கூடாது, அவ்வளவுதான்."

*

வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிய மெக்கானிக், மதியத்துக்குமேல் கண்ணாடிக் கடை வாசலில் நின்றார். 'நீங்க ஏதாவது சொன்னீங்களா?' என்று கேட்கத்தான் வந்தார். கதவைத் தள்ளியதும் அதைக் கேட்க மனம் வரவில்லை.

அத்தை ஒரு முதியவருக்குக் காதுப்பிடி வளைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவரை அனுப்பிவிட்டு இவரைப் பார்த்தாள். ஒல்லியான உருவம். சுண்டுவின் அதே அகலமான நெற்றி.

"முடிஞ்சிருச்சா?" என்றாள். "இன்னைக்குத்தானே தேதி. வாழ்த்துக்கள்ங்க. நிஜமாத்தான் சொல்றேன். அவ அதிர்ஷ்டக்காரி."

"இல்லங்க, அது வந்து..."

"நானும் ஒரு வக்கீலைக் கேட்டேன். இனிமே எனக்கு உரிமை எதுவும் இல்லன்னு சொன்னார். பரவாயில்ல. குழந்தைக்கு ஆஸ்பத்திரியில ஒரு கையெழுத்துக்கு ஆள் இல்லாமப் போச்சேன்னு எனக்கும் ராத்திரியெல்லாம் அதே நினைப்புதான்." கல்லாவுக்குக் கீழே இருந்த இழுப்பறையைத் திறந்தாள். "வந்ததும் நல்லதாப் போச்சு. இதை அவகிட்ட கொடுத்துடுங்க. நான் கொடுத்தா ஏன், எதுக்குன்னு கேட்பா."

கண்ணாடி ஃப்ரேம்கள். ஒவ்வொன்றும் தனித்தனி உறையில். அவள் வரிசையாக எடுத்து வைத்தாள். ஒன்றைவிட ஒன்று சற்று அகலம். கடைசியில் இருந்தது வளர்ந்த பெண்ணின் முகத்துக்கானது.

"லென்ஸ் எந்தக் கடையிலயும் போட்டுக்கலாம். பவர் மாறும், இப்பவே போட முடியாது. ஃப்ரேம் மட்டும் நல்லதா இருக்கட்டும்னு எடுத்து வச்சேன். அவளுக்கு மூக்குத்தண்டு தாழ்வு. எல்லா ஃப்ரேமும் அவளுக்கு நிக்காது."

மெக்கானிக் பெரிய ஃப்ரேமைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"அவ முகம் இவ்வளவு வளரும்னு எப்படித் தெரியும்?"

"என் தம்பி முகம் தெரியுமே" என்றாள் அத்தை.

அவர் ஃப்ரேமைப் பத்திரமாக உறைக்குள் வைத்தார். பிறகுதான் சொன்னார்.

"அவ வேண்டாம்னு சொல்லிட்டா."

அத்தைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகத்தில் சந்தோஷம் எதுவும் வரவில்லை. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துகொண்டாள்.

"என்னாலயா?"

"காரணம் எங்ககிட்ட சொல்லல. சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாளாம்."

"என்னாலதான்." தன் கண்ணாடியைக் கழற்றினாள். அது இல்லாமல் அவள் முகம் இன்னும் இளைத்துத் தெரிந்தது. "நான் அவகிட்டப் பேசுறேன். சரின்னு சொல்லச் சொல்றேன். நான் சொன்னா கேட்பா."

"வேண்டாம்."

"ஏங்க? உங்க நல்லதுக்குத்தான்..."

"எங்களையும் சொல்லிக் கொடுக்கக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. வேண்டாம்னு சொல்லச் சொல்றதும் தப்பு, வேணும்னு சொல்லச் சொல்றதும் தப்பு. அவ வாயிலருந்து வந்தது அவளோடதா இருக்கட்டும்." இவ்வளவு நீளமாகப் பேசி அவருக்கே பழக்கம் இல்லை. ஒரு மூச்சு விட்டுக்கொண்டார். "பாதுகாவலர்னு வேற ஒரு வழி இருக்காம். அதுல உங்க சொந்தம் அப்படியே இருக்கும். எனக்கும் கையெழுத்துக் கிடைச்சிடும். எனக்கு அது போதும்."

"உங்களுக்குப் போதுமா?"

மெக்கானிக் கல்லாமேல் கிடந்த உறைகளை நேராக அடுக்கினார்.

"பழகிக்கணும்" என்றார். "அவங்கம்மாவுக்குத்தான் போதாது. ஏன்னு எங்கிட்டயும் சொல்ல மாட்டேங்கிறா. உங்க பேரை எடுத்தாலே முகம் மாறிடுது."

அத்தை உறைகளை ஒவ்வொன்றாக மறுபடி இழுப்பறைக்குள் வைத்தாள்.

*

அம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். சுளையின் வெள்ளை நாரைக்கூட விடாமல் எடுத்துக்கொண்டிருந்தாள். கோபம் இருந்தால் அவளுக்குக் கை இப்படித்தான் துப்புரவாக வேலை செய்யும்.

சுண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் சொன்னது தப்பாம்மா?"

"தப்பு இல்ல."

"கோவம் இருக்கு இல்ல?"

"இருக்கு. அது என் பாடு. நீ சுளை எடுத்துக்கோ."

சுண்டு எடுக்கவில்லை. "சட்டப்படி அத்தை எனக்கு யாருமே இல்லன்னு ஆயிடுமாம். அதான். மாமா வேண்டாம்னு இல்ல. எனக்கு ரெண்டு பேரும் வேணும்."

அம்மாவின் கை நின்றது.

"அத்தை சொன்னாங்களா இப்படிச் சொல்லச் சொல்லி?"

"அவங்க ஒண்ணுமே சொல்லலம்மா."

"ஆமா" என்றாள் அம்மா. "அவங்க எப்பவுமே ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

இதுவரை மகளிடம் சொல்லாத ஒன்றை அவள் அப்போதுதான் சொன்னாள். சத்தம் உயராமல், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல.

"உங்கப்பா போன புதுசு. நீ தவழ்ந்துகிட்டு இருந்தே. உன் தாத்தா வந்தார். எங்க வீட்டுப் பிள்ளை எங்க வீட்லதான் வளரணும், நீ சின்ன வயசு, வேற வாழ்க்கையைப் பார்த்துக்கோன்னார். உன்னைத் தூக்கிக்கிட்டார். நான் பிடுங்கிக்கிட்டேன். அன்னைக்கு அவர் பின்னாடி உங்க அத்தை நின்னாங்க. வேண்டாம்பான்னு ஒரு வார்த்தை சொல்லல. தாத்தா போய்ச் சேர்ந்துட்டார். ஆனா கதவு தட்டினா இன்னைக்கும் எனக்கு முதல்ல அதுதான் ஞாபகம் வரும்."

சுண்டு அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஆரஞ்சுச் சாறு இருவர் கையிலும் பிசுபிசுத்தது.

"இந்த உத்தரவு வந்துட்டா அந்தப் பயம் ஒழிஞ்சதுன்னு நினைச்சேன்" என்றாள் அம்மா. "உனக்கு அதுல இன்னொருத்தர் போயிடுவாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. நிஜமாத்தான்."

வாசலில் மெக்கானிக் வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. உள்ளே வந்து, கை கழுவி, நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடிக் கடைக்குப் போனதைச் சொன்னார். இழுப்பறையைச் சொன்னார். வரிசையாக வைத்த ஃப்ரேம்களைச் சொன்னார். அதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

"யாரைக் கேட்டுட்டுப் போனீங்க?" என்றாள் அம்மா. கேள்வியில் பழைய காரம் இல்லை.

"யாரையும் கேட்கல."

அம்மா எழுந்து கை கழுவினாள். துண்டில் விரல் விரலாகத் துடைத்தாள். பிறகு அலமாரிமேல் இருந்த போனை எடுத்தாள். அந்த எண் அவளிடம் இருந்தது மெக்கானிக்குக்கே அப்போதுதான் தெரியும். சுண்டுவை எப்போது கொண்டுவந்து விடுவார்கள் என்று கேட்பதற்குக்கூட அவள் இதுவரை அந்த எண்ணைத் தொட்டதில்லை. எல்லாம் அவர் மூலமாகத்தான்.

மணி அடித்தது. எடுக்கப்பட்டது.

"அண்ணி" என்றாள் அம்மா.

முதல் கணவர் போனதிலிருந்து அந்த வார்த்தை அவள் வாயில் வந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. மறுமுனை அத்தனை நேரம் பேசாமல் இருந்ததால், இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அம்மா போனை ஒருமுறை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து பார்த்தாள்.

"நான்தான் அண்ணி பேசுறேன். நாளைக்குக் காலையில வர முடியுமா? சுண்டு ஸ்கூலுக்குப் போனதுக்கப்புறம் வாங்க. இல்ல, அவர் இருக்க மாட்டார். நம்ம ரெண்டு பேரும் மட்டும்தான்."

சுண்டு மெக்கானிக்கைப் பார்த்தாள். இது நல்லதுக்கா, இன்னொரு சண்டைக்கா என்று அந்தப் பார்வை கேட்டது. அவருக்கும் தெரியவில்லை. அவர் தட்டிலிருந்து ஒரு சுளையை எடுத்து அவள் கையில் வைத்தார்.